மூடாத கோடு

விளிம்பைத் தொட்டால் விளிம்புதான் ஒளிர வேண்டும். குன்வோர் கணினித் திரையில் இருந்த அலுமினிய மூடியின் விளிம்பைத் தொட்டாள். மூடிக்கு வெளியே, எதுவுமே வரையாத வெற்றிடத்தில், வளைந்த ஒரு துண்டுக் கோடு பச்சையாக ஒளிர்ந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உலோகத்தை வெட்டும் கட்டர் ஓட வேண்டிய பாதையைக் கணினியில் போட்டுக்கொடுத்தே நரைத்தவள். ஆனாலும் கணினி தப்பு செய்தால் முதலில் தன் கண்ணாடியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவாள்.

டிசம்பர். பிற்பகலிலேயே ஸ்மோலாண்ட் மாகாணத்தின் காடு கறுப்பாக வந்து ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தது. வெட்டும்போது மெஷினில் பாயும் கூலன்ட் திரவத்தின் நாற்றமும் ஆறிப்போன காப்பியின் கசப்பும் அறையில் கலந்து நின்றன. மற்றவர்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய்விட்டார்கள். இந்தப் பம்ப் மூடிக்குப் பாதை போட்டால்தான் அவளும் மெஷின் ஓட்டும் சிக்ஸ்டனும் கிளம்ப முடியும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய மில்லிங் மெஷினுக்குள் நின்று அவன் உலோகச் சுருள்களைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன தாயே, பாதை வருமா, இல்ல ஹெர்ரிங் மீனை எல்லாம் அவனுங்களே முழுங்கட்டுமா?"

"கோடு மூட மாட்டேங்குதுடா. எங்கயோ மயிரிழை இடைவெளி."

"வழக்கமா பண்ற வேலையைப் பண்ணேன்!"

கோடு முழுவதும் மூடினால்தான் கட்டர் அந்த வடிவத்தை வெட்டி எடுக்கும். அந்த வழக்கம் பட்டறையின் பொதுப் பாவம். கோட்டின் இரு முனைகள் சேரவில்லை என்றால் யாரும் இடைவெளியைத் தேடித் திருத்துவதில்லை. 'இவ்வளவு தூரம் வரை சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்' என்று வரம்பைக் கூட்டிவிடுவார்கள். மூடியின் நடுவில் மறுபுறம் வரை போகும் துளை என்பதால் ஆழத்துக்கு 'அடிவரை' என்று அவள் முன்பே குறித்திருந்தாள். இப்போது வரம்பையும் கூட்டினாள்.

பச்சைக் கோடு நீண்டது. மூடியை விட்டு விலகி, மெஷின் மேசையின் மீது வளைந்து, இடுப்பு ஒடுங்கி, குதிகாலில் உருண்டது. பக்கத்தில் அதற்கு ஜோடியாக இன்னொன்று.

செருப்புத் தடம்.

ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்த உபரிக் கோடுகளை அழித்தாள். படத்தின் மற்ற அடுக்குகளை மறைத்தாள். மூடி மறைந்தது, தடங்கள் மறையவில்லை. இடது குதிகாலில் எலி கடித்தது போல ஒரு பிளவு. சிக்ஸ்டன் நிற்கும் அதே இடம்.

எங்கோ மெஷின் முனகத் தொடங்கியது. அவள் அதற்கு எதையும் அனுப்பவில்லை.

"சிக்ஸ்டன்! வெளிய வா! வாடா வெளிய!"

துடைப்பத்தோடு குதித்து ஓடிவந்தான். "என்ன ஆச்சு? தீயா?"

"காலைத் தூக்கு."

"குதிரைக்கு லாடம் பாக்கறியா?" என்றபடி இடது காலைத் தூக்கிக் காட்டினான். குதிகால் முழுசாக இருந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. அசட்டுத்தனமாக அழுகையும் வந்தது.

"நீ களைச்சுட்ட குன்வோர். மூடி நாளைக்குப் பொறந்துக்கட்டும். நான் காரைச் சூடு பண்றேன், கோட்டை மாட்டிட்டு வா."

அவன் போகிற வழியில் மெஷின் கதவைப் பூட்டினான், மின்சாரத்தையும் நிறுத்தினான். கணினியை அணைக்க அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் மெஷின் மேசை இல்லை. தடங்கள் மட்டும் இருந்தன.

முனகல் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்து வரவில்லை அது. கீழிருந்து வந்தது. உள்ளங்கால் வழியாக.

கூலன்ட் வாசனை. சூடாக.

காலையில் தான் ஒரு உலோகச் சுருளை மிதித்துக் குதிகால் பிளந்ததும், புதுச் செருப்பு போச்சே என்று வைததும் நினைவுக்கு வந்தன. இடது செருப்பு.

மெல்லக் குனிந்தாள். கணினி மேசைக்கடியில் தரைவிரிப்பு சீவப்பட்டு வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடந்தது. இரு செருப்புகளையும் ஒட்டி, கத்தி பட்ட பளபளப்போடு ஒரு பள்ளம். அதன் அடி தெரியவில்லை.

வெளியே கார் ஹாரன்.

இடது குதிகாலில் மட்டும், பிளவுக்கு நேரே, பள்ளம் இன்னும் சேரவில்லை. மயிரிழை இடைவெளி.

அவள் அசையவில்லை. மூச்சும் விடவில்லை.

இடைவெளியின் இரு முனைகளும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்தன.