வேஷம் கலைக்காதவன்

திரை விழுந்த பிறகும் பிலேந்திரனின் கைகள் அரசனை விடவில்லை.

“கையை எடடா, மூச்சு முட்டுது,” என்று அரசனாக ஆடிய கிளெமென்ற் முனகினான். பிலேந்திரன் சிரித்துக்கொண்டே இழுத்தான். விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் கழன்றன. குளிரில் விறைத்திருக்கும் என்று நினைத்தான். மண்டபத்தில் சூட்டுக்கு ஒரு குறையும் இல்லை.

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மார்கழி. ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூத்து. பிலேந்திரன் ஆடியது காக்கை வன்னியனை. நண்பனாக வந்து, “அஞ்ச வேண்டாம், நான் உங்கள் ஆள்” என்று யாழ்ப்பாணத்து அரசனைக் கட்டித் தழுவி, அந்தப் பிடியை விடாமலே, கப்பலில் வந்த போர்த்துக்கேயப் பறங்கியரின் கயிற்றுக்குக் கொடுத்த தளபதி. ஒருவரும் தொடாத வேஷத்தைப் பிலேந்திரன் கேட்டு வாங்கினான். அந்த நாயை அவ்வளவு வெறுத்தான். ஒருத்தன் காட்டிக்கொடுத்ததில் ஒரு நாடே அந்நியன் காலடிக்குப் போனது. தான் இன்று இந்தப் பனியில் வழுக்கித் திரிவதற்கும் அவன்தான் காரணம் என்பது பிலேந்திரனின் தீர்ப்பு. சபை காறித் துப்பவேண்டும் என்றே ஆடினான். சபையும் குறைவைக்கவில்லை.

கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் இராசதுரைக்கு ஒரு வழக்கம் உண்டு. மங்களம் பாடுமுன், காட்டிக்கொடுத்தவனாக ஆடியவர் அரசனின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டு வேஷத்தைக் கலைக்க வேண்டும். பிலேந்திரனுக்கு இரத்தம் கொதித்தது.

“அந்தத் துரோகிக்கு மன்னிப்போ? என்ரை வாயாலை வராது.”

“அவனுக்காக இல்லை, தம்பி. அவனை இஞ்சையே விட்டுட்டுப் போறதுக்கு.”

பிலேந்திரன் முகப்பூச்சைக்கூடக் கழுவாமல் காரை எடுத்துவிட்டான். காய்ச்சலால் கூத்துக்கு வர முடியாத மகள் ஹம்சத்வனி வீட்டில் காத்திருப்பாள்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வீடு இருக்கும் லில்லெஸ்ட்ரோமை நோக்கி அண்ணாவியாரைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். பாதி வழியில் காருக்குள் கடல் மணத்தது. பனி உருகத் தெருவில் கொட்டிய உப்பாக்கும் என்று வெப்பக்காற்றை நிறுத்திப் பார்த்தும் அது போகவில்லை, ஈரக் கயிறும் அழுகிய பாசியும் அதற்கடியில் வெடிமருந்தின் கார நெடியுமாகத் தொண்டைக்குள் இறங்கியது. பின்னிருக்கையில் தோல் சப்பாத்துகள் உரசின. திரும்பினான். ஒருவரும் இல்லை. இருக்கை மட்டும் நனைந்திருந்தது.

“இறங்கடா, நாயே,” என்று வெறும் இருக்கையைப் பார்த்து உறுமினான். அப்போதும் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

வீட்டுப் படியில் அந்தக் கோபமும் போய்விட்டது. பின்னால் யாரோ ஏறினார்கள். அவன் நின்றான். அவர்களும் நின்றார்கள். அவனுடைய கைகள் தாமாகவே உயர்ந்தன. அகன்றன. இறக்கப் பார்த்தான். முடியவில்லை.

மேலே கதவு திறந்தது. அப்பா வரும் சத்தம் கேட்டால் ஓடிவந்து கட்டிக்கொள்வது ஹம்சத்வனியின் பழக்கம்.

உள்ளே போ, கதவைப் பூட்டு என்று கத்த வாயைத் திறந்தான்.

“அஞ்ச வேண்டாம்,” என்றது வாய். “நான் உங்கள் ஆள்.”

பிள்ளை சிரித்தாள். அவன் வீட்டில் பழகும்போது கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமான வசனம். ஓடிவந்தாள்.

கைகள் மூடின.

“அப்பா, நோகுது. விடுங்கோ.”

இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஒரு விரலும் கழலவில்லை. பின்னால் சப்பாத்துகள் அவசரமில்லாமல் ஏறிவந்தன. அவன் தோளுக்கு மேலால் ஒரு கயிற்றின் நுனி, உப்புநீர் சொட்டச் சொட்ட, பிள்ளையின் கழுத்தடியில் வந்து விழுந்தது.