மின்னல் டப்பாவில் கொடுக்கு நண்டு

காலை 10.20. ராயபுரம் கேரம் போட்டியின் கால் இறுதி. சிவப்புக் காயைக் குறிவைத்து அடித்த ஸ்ட்ரைக்கர் பலகை ஓரத்தில் மோதி இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு பறந்து நடுவரின் கன்னத்தைக் கீறியது; கண் தப்பியதே பெரிய விஷயம்.

"கொடுக்கு டப்பாடா! அதுவே இப்டி உடைஞ்சா எதை நம்பி வாங்கறது?" என்று கூட்டம் கத்தியது.

அந்த ஸ்ட்ரைக்கர் வந்த டப்பாவின் மேல் இருந்தது ‘கொடுக்கு’ கம்பெனியின் நண்டுப் படம்தான். கொடுக்கால் காயைச் சுண்டும் அதே நண்டு. பெயர் மட்டும் வேறு: ‘மின்னல்’.

ஒரு மணி நேரத்துக்குள், தண்டையார்பேட்டையில் ‘கொடுக்கு’ ஸ்ட்ரைக்கர் செய்து விற்கும் சாலமோன் காவல் நிலையத்துக்கு ஓடி வந்தார். கூடவே அவர் மனைவியின் தம்பி டென்னிஸ். கம்பெனியின் வெளிவேலையெல்லாம் அவன் பொறுப்பு.

"இந்த நண்டை வரைஞ்சவ ஷாலு. காசிமேட்டுல படகுக்குப் பேர் எழுதுறவ. படத்தை எவனுக்கோ வித்துட்டா, மேடம். பிடிச்சு உள்ள வைங்க" என்றார் சாலமோன்.

சப்-இன்ஸ்பெக்டர் ராமசெல்வி நிமிர்ந்தார். "அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

சாலமோன் இரண்டு டப்பாக்களையும் மேசையில் வைத்தார். "எங்க டப்பாவுல பேர்ப் பட்டை நண்டோட பின்னங்காலை மறைச்சிரும். மின்னல்ல பட்டை மேல ஏறியிருக்கு, கால் முழுசாத் தெரியுது. மறைஞ்ச காலை அசல் படம் வச்சிருக்கிறவதானே கொடுத்திருக்க முடியும்?"

நியாயமான கேள்வி. ஆள் அனுப்பினார் ராமசெல்வி.

ஷாலு வந்தபோது விரலெல்லாம் நீலப் பெயின்ட். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா அண்ணே, என் நண்ட நானே திருடினேன்னு சொல்றியா?"

"உன் நண்டா? பேரு, படம் ரெண்டையும் ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருக்கேன் நான்! டென்னிஸ்தான் அலைஞ்சு முடிச்சான்."

"எல்லாம் பக்காவா முடிஞ்சிருச்சு, அத்தான்" என்றான் டென்னிஸ்.

"எங்க கேரம் கிளப்பு பனியனுக்கு நான் வரைஞ்சது மேடம் அது. இவர் பார்த்துட்டு, டப்பாவுல போட்டுக்கவான்னு கேட்டாரு. போட்டுக்கோன்னேன். வேற எதுனா எழுதிக் குடுத்தேனா, கேளுங்க."

"வாய்ப்பேச்சுதான்" என்று முனகினார் சாலமோன்.

12.05. மின்னல் டப்பா வந்த வழியைத் தேடிப் போயிருந்த ஏட்டு எர்ணாவூரிலிருந்து போன் செய்தார். மின்னல் சரக்கு அங்கே ஒரு குடோனில் இருக்கிறது. குடோனை வாடகைக்கு எடுத்தவன் யாரென்று பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. லாரி ஒரு மணிக்குக் கிளம்புகிறது. "மடக்கட்டுமா மேடம்?"

"அந்தச் சரக்கு ஊரெல்லாம் போச்சுன்னா என் கம்பெனி காலி!" என்று கத்தினார் சாலமோன்.

"கொடுக்குங்கிற பேரையே அவன் தொடலியே மேடம். லாரியை எப்படி நிறுத்துவீங்க?" என்றான் டென்னிஸ். "டப்பா அச்சடிக்கிற கஸ்பாரையும் கொஞ்சம் விசாரிங்க."

கஸ்பார் போனில் பதறினார். "நண்டையும் பதிஞ்சாச்சுன்னு சாலமோன் அண்ணாச்சி அப்பவே சொல்லிட்டாரே! அதுல நான் கை வைப்பேனா?"

ராமசெல்வி ஷாலுவின் செல்போனில் இருந்த அசல் படத்தை மின்னல் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அசல் நண்டின் பின்னங்கால் துடுப்புப் போலத் தட்டையாக இருந்தது. மின்னல் நண்டுக்கு ஊசி முனை.

"நீந்துற கடல் நண்டுக்கு ஊசிக்காலா!" ஷாலு சிரித்துவிட்டாள். "இவன் நண்ட குழம்புல கூட பார்த்ததில்ல போல கீது!"

"அப்போ இவன்கிட்ட அசல் படம் இல்லை. கொடுக்கு டப்பாவைப் பார்த்துக் காப்பியடிச்சிட்டு, மறைஞ்ச காலை இவனே கற்பனையா போட்டிருக்கான். ஷாலு, நீங்க உக்காருங்க."

பிறகு தம் செல்போனில் டிரேட்மார்க் பதிவுத் தளத்தைத் திறந்து தேடினார். முகம் மலர்ந்தது. "சாலமோன், பதிவானது ‘கொடுக்கு’ங்கிற பேர் மட்டும்தான். நண்டு இல்லை."

சாலமோன் திரும்பி மச்சினனைப் பார்த்தார்.

"போலி அடிக்கிறவன் முதல்ல திருடுறது பேரைத்தான்" என்றார் ராமசெல்வி. "கடையில ‘கொடுக்கு குடு’ன்னுதானே கேக்கிறாங்க? இவன் பேருக்குப் பயந்து ஒதுங்கியிருக்கான், நண்டுக்குப் பயப்படலை. பேர் மட்டும்தான் பதிவாச்சுன்னு தெரிஞ்சவன். நீங்களும் கஸ்பாரும் ரெண்டும் பதிவாச்சுன்னு நம்பினீங்க. தளத்துல யாரும் பார்க்கலாம்தான்; ஆனா பேரைத் தொடலைன்னா லாரியை நிறுத்த முடியாதுன்னு இங்க அடிச்சுச் சொன்னது பதிவுக்கு அலைஞ்ச ஒரே ஆள். இல்லையா டென்னிஸ்?"

டென்னிஸ் துள்ளி எழுந்தான். "பதியாத படம் யாருக்கும் சொந்தமில்லை! யார் வேணா போடலாம்!"

"அங்கதான் சறுக்கிட்டீங்க. டிரேட்மார்க்குங்கிறது சரக்கு யாரோடதுன்னு காட்டுற அடையாளம். பதிஞ்சு வச்சாத்தான் அதுக்குப் பலம். காப்பிரைட் அப்படியில்லை. வரைஞ்சு முடிச்ச நிமிஷமே படம் வரைஞ்சவங்களுக்குச் சொந்தம், பதிவே தேவையில்லை. டிரேட்மார்க் வழக்குல சரக்கைக் கைப்பற்ற உதவி கமிஷனர் மட்டத்துல ஒருத்தர் வரணும். காப்பிரைட்னா சப்-இன்ஸ்பெக்டர் நானே வாரன்ட் இல்லாம மடக்கலாம்." கடிகாரத்தைப் பார்த்தார். "புகார் மட்டும் வேணும். நண்டுக்குச் சொந்தக்காரங்ககிட்டேருந்து."

எல்லோரும் ஷாலுவைப் பார்த்தார்கள்.

"என்னை உள்ள வைக்கச் சொன்ன இல்ல அண்ணே?"

சாலமோன் தலை குனிந்தார். "தப்புதாம்மா. என்னைக் காப்பாத்து."

"உனக்காவ இல்ல. என் நண்டுக்கு ஊசிக்கால் வச்சான் பாரு, அதுக்கு!" பேனாவைப் பிடுங்கி மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஜீப் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பறந்தது. பின்னால் ஒரு கான்ஸ்டபிளுக்கும் ஷாலுவுக்கும் நடுவே டென்னிஸ்; முன்னால் சாலமோன்.

12.58. எர்ணாவூர். குடோன் வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஜீப் குறுக்கே போய் நின்றது. டென்னிஸ் இறங்கியதுமே காவலாளி ஓடி வந்து சல்யூட் அடித்தார்.

"இன்னா டென்னிஸ் சார், நீங்களே வந்துக்கினீங்க? சரக்கு எல்லாம் ஏத்தியாச்சு!"

"இறக்குங்க" என்றார் ராமசெல்வி.

அட்டைப் பெட்டிகள் இறங்க இறங்க, சாலமோன் தயங்கித் தயங்கி ஷாலுவின் பக்கம் வந்தார். "இனிமே எங்க டப்பாவுல நண்டு..."

"போட்டுக்கோ அண்ணே. இந்தவாட்டி எழுதி வாங்கிக்கினு போடு. டப்பாவுல என் பேரும் வரணும்." அவள் ராமசெல்வியிடம் திரும்பினாள். "மேடம், ஒரு டவுட்டு. நானே ‘கொடுக்கு’ன்னு பேர் வச்சு ஸ்ட்ரைக்கர் வித்தா?"

"அண்ணாச்சி புகார் கொடுப்பார். ஜீப் உங்க வீட்டு வாசலுக்கு வரும்."

"வாணாம்பா!" என்றாள் ஷாலு. "பேரை அவரே வச்சிக்கட்டும்."