கிடைத்த இடம்: வீராணம்

அன்று மாலை சிதம்பரத்து வீட்டுக் கொல்லையில் இருந்தவர்கள் நான்கே பேர். விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற தட்சிணாமூர்த்தி. அவர் மனைவி புஷ்பவள்ளி. புஷ்பவள்ளியின் தங்கை மகளும், கடலூரில் ஒரு கல்லூரியில் நீர்ப்பூச்சிகளை ஆராய்கிறவளுமான இலக்கியா. மோட்டார் பொருத்த வந்த கலைமணி. ஐந்தாவதாக யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக டீக்கடையில் கதை அளக்கிறவர்கள், அந்த வீட்டு வாசற்படியை இதுவரை மிதித்தவர்கள் இல்லை.

ஐப்பசி மழையில் தெருக்குழாய் உடைந்து தண்ணீர் நின்றுபோனதால்தான் கிணற்றின் பேச்சே எழுந்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாக அது சிமென்ட் பலகையால் மூடிக் கிடந்தது. பலகையை நகர்த்தக் கூடாது, குழாய் நுழையும் அளவுக்கு நடுவில் ஒரு துளை மட்டும் போட வேண்டும் என்பது தட்சிணாமூர்த்தியின் உத்தரவு.

"மூடியத் தூக்கிட்டா அஞ்சு நிமிஷ வேல சார்" என்றான் கலைமணி.

"துளை போடுன்னா துளை போடு. உன் யோசனைக்கு நான் கூலி குடுக்கல."

துளை விழுந்த கணத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர்ச் சத்தம் அல்ல. நெடுநேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஒருவர் வாயைத் திறந்து இழுப்பதுபோல, காற்று அந்தத் துளைக்குள் இழுபட்டது. கலைமணி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். தண்ணீர் பலகையின் அடிவயிற்றை முட்டிக்கொண்டு நின்றது.

"உள்ள காத்துக்கு எடமே இல்லயே சார். அப்புறம் எங்க இழுக்குது?"

"எலக்ட்ரீஷியன்னா எலக்ட்ரீஷியன் வேலைய மட்டும் பாரு."

மோட்டார் ஓடியது. வாளி நிறைந்தது. நிறைந்த வாளியில், புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒன்று சுழன்று கீழே போய், மறுபடி மேலே வந்து, வால்பக்கத்தை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டியது. முதுகுமூடியின் அடியில் காற்றை வாங்கிக்கொண்டு திரும்பவும் மூழ்கியது. மோட்டாரின் விசிறியில் அரைபட்டு வந்திருக்க வேண்டிய பூச்சி. ஒரு கால் கூட ஒடியவில்லை. அதன் பின்னால் இன்னும் சில வந்தன.

இலக்கியா அதை உள்ளங்கையில் எடுத்தாள். நீர்வண்டுகளில் பாதிக்கு முதுகோரம் மஞ்சள் கரை இருக்கும், இதற்கு இல்லை. முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். "பெரியப்பா, இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. புது இனம்னுதான் நெனைக்கிறேன்."

தட்சிணாமூர்த்தியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. புது இனம் என்றால் புதுப் பெயர். அப்பாவின் பெயரை வைக்கலாம். நகராட்சிப் பலகையில் எழுதும் பெயர் மழையில் அழியும். இது உலகம் உள்ளவரை நிற்கும்.

புஷ்பவள்ளி மட்டும் கொல்லைக் கதவைவிட்டு இறங்கவில்லை. "அந்தத் தண்ணியில நான் சமைக்க மாட்டேன்" என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

கடலூரில் இலக்கியாவின் ஆய்வகம் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பக்கமிருந்து மீன் வாடை வரும். தட்சிணாமூர்த்தி ஜன்னலைத் திறக்க விடவில்லை. அவள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொன்றாக அளந்தாள்: நீளம், அகலம், குழிகளின் வரிசை, பின்னங்காலின் மயிர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் எடுக்கிறவர்கள் எப்படிச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று யோசித்தார்.

"எல்லாம் பொண்ணு" என்றாள் அவள். "வாளியில வந்தது பூரா பொண்ணு. ஆணுக்கு முன்னங்கால்ல ஒட்டிப் புடிக்கிற வட்டு இருக்கும். ஒண்ணுத்துக்கும் இல்ல. ஆண் இல்லாம இத எழுதுனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க பெரியப்பா. மூடியத் தொறந்து தேடணும்."

"மூடிய யாரும் தொறக்க வேணாம்."

"இன்னொண்ணும் புரியல. மேல துளிக் காத்து இல்ல. இதுங்க மேல வந்து காத்து வாங்கலன்னா செத்துரும். இத்தன வருஷம் எங்கருந்து வாங்குச்சு?"

இதைக் கேட்டுக்கொண்டே அவள் உயிரோடிருந்த ஒரு வண்டை நீர்த் தட்டில் ஊசியால் பிடித்து, முதுகுமூடியை மெல்லத் தூக்கினாள். அடியில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழ் உருண்டு மேலே வந்து உடைந்தது.

கிராம்பு.

ஒரு வாய்க்குள் நெடுநேரம் அடக்கி மென்ற கிராம்பின் சூடான, எச்சில் கலந்த வாசனை. அது தட்சிணாமூர்த்தியின் முகத்துக்கு நேராக வந்தது. யாரோ பேசுவதற்குமுன் வாயைக் கிட்டத்தில் கொண்டுவந்ததுபோல.

"கிராம்பு எண்ணெய்" என்றார் உடனே. பூச்சியின் உறுப்புகளைத் தெளிவாக்க ஆய்வகங்களில் கிராம்பு எண்ணெயில் ஊறவைப்பது வழக்கம். "பாட்டில ஒழுங்கா மூடி வெக்கத் தெரியல உனக்கு."

"அது தீந்துபோயி ரொம்ப நாள் ஆச்சு பெரியப்பா. நானே உங்கள கேக்கலாம்னு இருந்தேன், என்னா வாசன இதுன்னு."

அவருக்குத் தெரிந்த வாசனை அது. அண்ணன் மனைவி சின்னம்மாளுக்கு ஓயாத பல்வலி. எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பு இருக்கும். எட்டாவது வரை படித்துவிட்டு, மாமனாருக்கு எதிரே நின்று, அவர் தன்னை அடித்ததைப் போலீசில் சொல்லப்போவதாகப் பேசியவள். அந்தச் சித்திரையில் கிணற்றில் குதித்தாள். குதித்தவள் ஒழுங்காகச் செத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. தண்ணீர் இடுப்பளவுதான். நின்றுகொண்டு கூப்பிட்டாள். கயிறு எடுக்க ஓடிய தட்சிணாமூர்த்தியை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். தெரு கூடி, போலீஸ் வந்து, மருமகளை ஈரப் புடவையோடு தூக்குவதை ஊர் பார்க்க வேண்டுமா? இலைச் சருகு விழாமலிருக்க வார்த்துவைத்த பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. பலகை நகரும்போது அவள் கீழிருந்து ஏதோ சொன்னாள். அது என்ன என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. சேத்தியாத்தோப்பில் பிறந்த வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் செத்தாள் என்பதே ஊருக்குச் சொன்னது. பிறந்த வீட்டார் வாய் திறக்க வக்கில்லாதவர்கள். குடும்பம் தலைநிமிர்ந்து நின்றது. அது போதும்.

"கெடச்ச எடம் வீராணம் ஏரிக்கரைன்னு போட்டுடு" என்றார். "ஆண் வேணும்னா அங்க போயித் தேடு."

இலக்கியா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "பொய் எடம் எழுதுனா அப்புறம் வர்றவன் நூறு வருஷம் தப்பான தண்ணியில தேடுவான். இந்த வேலையில அதவுட கேவலம் எதுவும் இல்ல. நீங்க பாடம் நடத்துனவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"என் வீடு. என் கிணறு. உன் கேவலத்த நீ வெச்சுக்க."

அந்த இனத்துக்கே சாட்சியாகப் பாதுகாக்க வேண்டிய மூல வண்டு அட்டைத் துண்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் தடுப்பதற்குள் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கிவிட்டார். மடியில் பெட்டியோடு சிதம்பரம் பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரன் இரண்டு முறை அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "பல்வலியா சார்? கிராம்பு வாசன வருதே" என்றான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டு, ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் முற்றத்துப் பித்தளை அண்டாவில் விழுந்து, அண்டா நிறைந்து, நிறைந்தது வழிந்து கூடத்தின் சிவப்புச் சிமென்ட் தரையோரம் ஒரு கோடாக ஓடியது. அந்தத் தரை அப்பா காலத்தில் மெழுகிட்டுத் தேய்த்தது. முகம் தெரியும்.

புஷ்பவள்ளி அடுக்களை வாசலில் நின்றாள். "மோட்டார நிறுத்தச் சொல்லிட்டேன். கொழாயத் தொறந்தா பூச்சியா கொட்டுது."

"நிறுத்துனா சரி."

"என்னாங்க" என்றாள் அவள். குரல் தாழ்ந்தது. "வீடு பூரா அக்கா வாசன."

புஷ்பவள்ளி மருமகளாக வந்தபோது சின்னம்மாள் அந்த வீட்டில் இருந்தாள். ஓரகத்தியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல் இத்தனை வருடம் கழித்துக் கூடத்தில் விழுந்தது.

"உள்ள போ."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கரண்ட் போயிற்று.

தட்சிணாமூர்த்தி ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து, மீதமிருந்த வெளிச்சத்தில் நகத்தளவு சீட்டை எடுத்து, மெல்லிய பேனாவால் எறும்பு எழுத்தில் எழுதினார். கிடைத்த இடம்: வீராணம் ஏரிக்கரை. எழுதி முடித்து ஊதினார். தன் மூச்சிலேயே கிராம்பு அடித்தது.

டொக்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அப்பாவின் படத்தில் ஏதோ மோதிக் கீழே விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. நீர்வண்டு அந்தி நேரத்தில் பறக்கும்; பளபளப்பது எல்லாம் தண்ணீர் என்று நம்பும்; பண்ருட்டி ரோட்டில் நிற்கும் கார்களின் கூரைமேல் மழைபோல விழும். முட்டாள் பூச்சி. வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

டொக். பித்தளை அண்டாவில். டொக், டொக். பீரோக் கண்ணாடியில்.

கொல்லைப் பக்கத்துக் குழாயை யாரும் திறக்கவில்லை. ஆனால் அது சொட்டியது. சொட்டிய சத்தத்தில் கனம் இருந்தது. ஒவ்வொரு சொட்டும் விழுந்தபிறகு நடந்தது.

கதவடியில் கறுப்பாக ஒரு கோடு நுழைந்து, கூடத்துத் தரையில் விரிந்தது. அவை ஓடவில்லை, பறக்கவில்லை. மெழுகுத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து மூழ்கப் பார்த்தன. தலையைத் தரையில் முட்டி, முட்டி, பிறகு எல்லாமாகச் சேர்ந்து, ஒரே நேரத்தில், வால்பக்கத்தை மேலே தூக்கின.

முதுகுமூடிகள் திறந்தன.

ஒவ்வொன்றும் கொஞ்சம் காற்றை விட்டது. அவ்வளவுதான். ஊசி முனையளவுக் காற்று. ஆனால் தரை முழுக்க இருந்தன. சுவரோரம் இருந்தன. நாற்காலிக் காலடியில் இருந்தன. எல்லாம் சேர்ந்தபோது அது ஒரே மூச்சு. சூடு இருந்தது அதில். ஈரம் இருந்தது. கிராம்பு இருந்தது.

மூடிகள் சாத்திக்கொண்டன. திறந்தன.

இரண்டாவது மூச்சில் குரல் இருந்தது.

"மூடிடாதீங்க தம்பி."

அதே மரியாதை. அதே பணிவு. கொழுந்தனைக் கூப்பிட அவளுக்குத் தெரிந்த ஒரே சொல். அன்று பலகை நகர்ந்தபோது கீழிருந்து கேட்டது. எழுத்துக்கு எழுத்து.

அவர் எழவில்லை. எழுவது என்றால் பயந்ததாக ஆகும். ஒரு வண்டுக்கு. ஒரு பெண்பிள்ளைக்கு.

டொக்.

மூக்குக்கண்ணாடியில். கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. மங்கல். எல்லாம் மங்கல். மங்கலில் கறுப்பு அசைந்தது. பறந்தது.

அறையில் பளபளப்பவை இன்னும் இரண்டு இருந்தன.

கண்ணை மூடினால் போதும். மூடு. அவர் சொன்னால் கேட்காதது எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை. மூடு.

"மூடிடாதீங்க தம்பி."

இமை அசையவில்லை.

முதல் வண்டு இடது கண்ணில் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்த சின்னக் கால்கள். கொஞ்சம் நின்றது. அதுவரை அவை மூழ்கப் பார்த்ததெல்லாம் சிமென்ட், கண்ணாடி, பித்தளை. இது தண்ணீர். தலையைத் தாழ்த்தியது.

மூழ்கியது.

விடிந்ததும் இலக்கியா பெட்டியைத் திரும்பக் கேட்க வந்தாள். தரையில் ஒரு பூச்சி இல்லை. சாய்வு நாற்காலிக்கு முன்னால் அவள் நெடுநேரம் நின்றாள். அவர் விரலிடுக்கிலிருந்த சீட்டைப் புஷ்பவள்ளிதான் உருவி, பார்த்து, கிழித்துப் போட்டாள்.

"எடத்த மாத்தி எழுதாத" என்றாள். "நம்ம கெணறுன்னே எழுது. உள்ள யாரு இருக்கான்னும் எழுது."

அவளுக்கு எவ்வளவு தெரியும், எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்க அந்த வீட்டில் வாயுள்ளவர் யாரும் மீதி இல்லை.

இப்போது மேல வீதியில் ஒரு பேச்சு நடக்கிறது. பேராசிரியர் ஏதோ பழைய பாவத்தை நினைத்து இரவும் பகலும் அழுதுகொண்டே இருக்கிறாராம், கண்ணீர் வற்றவே இல்லையாம். தவறு. அந்தக் குடும்பத்து ஆண்கள் அழுவதில்லை. அவர் முதுகு வளையாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். இரு கண்களும் திறந்தபடி, விளிம்புவரை நிறைந்திருக்கின்றன. அவ்வப்போது ஒரு கண்ணின் ஆழத்திலிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல மேலே வருகிறது. வால்பக்கத்தை வெளியே நீட்டிக் கொஞ்சம் காற்று வாங்கிக்கொள்கிறது. மறுபடி உள்ளே போகிறது.