கங்கையில் விழாத கேசர்

"கேசரைக் கங்கையில தள்ளினது யாரு?"

மழையோடு அச்சகத்துக்குள் நுழைந்தவளின் முதல் கேள்வி அதுதான். முக்காட்டுக்குள் இரண்டு கண்கள்... நனைந்தும் அணையாத கண்கள். அச்சகக்காரன் பிரஜ்லால் திகைத்துப் போனான். கேசர் என்ற விதவையைப் பற்றி 'ஒரு ஹிந்து ஸ்திரீ' எழுதியதாக வந்த நாவலை யாரோ மீசைக்காரர்தான் எழுதியிருப்பார் என்று நம்பியவன் அவன்!

"நான்தான்..." என்றான். "விதவை மறுகல்யாணம் பண்ணிக்கிட்டதா அச்சடிச்சா, மீரட் பண்டிதருங்க சும்மா விடுவாங்களா தேவிஜி?"

"பயந்தாங்கொள்ளி கையில என் கேசர் மாட்டிக்கிட்டா."

அவள் பெயர் ருக்மா, பெண்கள் பள்ளி ஆசிரியை. அங்கேதான் இந்த நாவலைப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள். சரிபார்க்கப் பள்ளிக்கு வந்த அச்சுத்தாளில்தான் மாற்றிய முடிவைப் பார்த்திருந்தாள். புருஷன் முகமே நினைவில்லாத குழந்தை விதவைகளும் அந்த வகுப்பில் உண்டு. அவர்கள் படித்துவிட்டு ஆற்றைத் தேடிப் போனால் என்ன செய்வது என்று கேட்டாள்.

அப்போதுதான் வளையலில்லாத அந்தக் கைகளைப் பார்த்தான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று அசல் கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டவனும் அவன்தானே...

பொழுது சாய்வதற்குள் அச்சு ஓட வேண்டும். கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து மைத்துனர் திரும்புவதற்குள் அவள் வீடு போய்ச் சேர வேண்டும். தெரிந்தால் வாசல் தாண்ட விடமாட்டார்கள். இருந்தாலும் அவள் அசையவில்லை. அசல் அத்தியாயத்தைத் தான் வாயால் சொல்வதாகவும், அவன் எழுத்துக் கோக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல ஈய எழுத்துகள் வரிசையில் ஏறின. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கேசரை மணக்க விரும்பும் மாதவ் அவளிடம் மனம் திறக்கும் இடம் வந்ததும்... சட்டென்று நிறுத்திவிட்டாள். எழுதும்போது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது?

அவன் விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

"நான் சொல்லலியே... என்ன கோக்கறீங்க?"

ஈயத்தில் தலைகீழாக நின்ற வரியை அவளால் படிக்க முடியவில்லை. அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

"'உன்னைப் பார்த்த நேரத்திலேருந்து என் பயம் எனக்கே அசிங்கமா இருக்கு. என்னைக் கட்டிக்கிறியா?'ன்னு..."

"இது மாதவ் பேச்சில்ல."

"இல்ல... என்னோடது."

மழை இரைந்தது. அவள் அந்த ஈய வரியை விரலால் தடவினாள்.

"உங்கம்மா என்ன சொல்வாங்க?"

"அழுவாங்க. சாதிக்காரங்க நம்ம கையால தண்ணிகூட வாங்க மாட்டாங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு, ருக்மா."

"எனக்கும்..." முக்காட்டை மெல்ல விலக்கினாள். "அடுத்த வரியைக் கோத்துடுங்க... 'அவள் சரி என்றாள்.'"