விரல்கள் தளர்ந்தபோது

வசந்தனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி அவிழ்ந்து தரையில் கிடந்தது. சற்று முன்புதான் கோமளா அதை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள்.

படுத்த பாயிலேயே விடியற்காலையில் அவன் உயிர் போயிருந்தது. கிரில் கதவின் சாவி அவன் முஷ்டிக்குள் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை உள்ளே வைத்துப் பூட்டிய சாவி. தூக்கத்திலும் அதை அவன் விட்டதில்லை.

அவள் போட்ட கூச்சல், மத்தியானம் வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் நளினிக்குத்தான் கேட்டது. அவள் கிரிலுக்கு வெளியே நின்று சொன்னாள்:

"விரலப் புடிச்சு இழுக்காதீங்கக்கா. தசை இறுகுறதுக்கு மட்டும் இல்ல, தளர்றதுக்கும் சக்தி வேணும். உயிர் போனா அந்தச் சக்தி தீர்ந்துரும், இறுகினது அப்படியே நின்னுரும். நாளைக்கு ராத்திரிதான் தானா விடும். கால மட்டும் கட்டி வைங்க. நான் போயி பூட்டு வெட்ட ஆள் கூட்டிட்டு வந்துர்றேன்லா."

அவள் போனதும் ரெம்பியா ஊரில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் இரைச்சல், பின்பக்கச் செம்பனைத் தோட்டத்தின் ஈர வாடை, அதோடு கலந்த சாம்பிராணிப் புகை, இவை எல்லாவற்றுக்கும் நடுவே பாயிலிருந்து மெல்லச் சொடக்கு முறியும் சத்தம்.

சுண்டுவிரல் நிமிர்ந்தது.

அடுத்ததும்.

உள்ளங்கையில் சாவி.

கோமளா பயந்தாள். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் வாயால் சொல்லாத புருஷன் பெயரைக் கத்திச் சொன்னாள்.

"வசந்தா! கொடுடா சாவிய!"

பிடுங்கினாள். பூட்டில் நுழைத்துத் திருப்பினாள். திறந்துகொண்டது. சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு.

சாவியை விடப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை.

சில்லிப்பு மணிக்கட்டில் ஏறியது. முழங்கையில். தோளில். பின்னால் மறுபடி சொடக்குச் சத்தம். திரும்பிப் பார்த்தாள். அவன் வெறுங்கை மெல்ல மூடித் திறந்தது. அது தளரத் தளர, அவள் கை இறுகியது.

"என் கையத்தானே எடுத்துக்கிட்ட? வச்சுக்க. நான் போறேன்."

கிரிலைத் தோளால் தள்ளினாள். காலை எடுத்தாள். வரவில்லை. இரண்டு கால் கட்டைவிரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தெருமுனையில் நளினியின் குடை தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். தாடை அசையவில்லை.

அப்படியே உடம்பை முன்னால் சாய்த்தாள். விழுந்தாள். வாசலுக்கு வெளியே.

கன்னத்தில் மழைத்தண்ணீர். வீட்டுக்குள் காலடிச் சத்தம். அவள் தலைமாட்டில் வந்து நின்ற இரண்டு பாதங்கள். மேலே, அவனுடைய தளர்ந்த விரல்களில் அந்த வெள்ளைத் துணி.

கோமளா கண்ணை மூடவில்லை. அவனையே முறைத்துக்கொண்டு கிடந்தாள்.