தானாகப் பூட்டிக்கொண்ட ரிவால்வர்

"இந்தப் பூட்டைக் கழட்டணும் சார். மதுரைக் கடையில மாட்டேன்னுட்டான்."

அபிராமத்து நிலக்காரர் வீரபத்திரன், குண்டில்லாத ரிவால்வரை மேஜைமேல் வைத்தார். சிறு சாவியால் திருப்பினால் விசை அசையாதபடி இறுக்கும் பூட்டு அதன் உடலிலேயே இருந்தது. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சேதுராமன் அதைத் தொடவில்லை.

"ஏன்?"

"தானாப் பூட்டிக்குது. தெறந்து வச்சுட்டுப் படுக்கிறேன். விடியக்காலம் எடுத்தா பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல. களவாணி வந்தா என்ன செய்ய?"

"பூட்டிட்டுப் போற களவாணியா! தங்கமான பய சார்," என்றார் பழைய ஏட்டு பொன்னுச்சாமி, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு.

கூட வந்திருந்த வீரபத்திரனின் மனைவி உமையாள் தாலிக்கயிற்றை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டாள்.

"இங்கன இருக்கட்டும், பார்க்கிறேன்," என்றார் சேதுராமன்.

"சரி. நான் போறேன்."

"வாரேன்னு சொல்லுங்க!" உமையாள் பதறினாள்.

சேதுராமன் அவர்களை உட்காரச் சொன்னார். வெளியே ராமேஸ்வரம் பஸ் கிளம்பியதும் ஏட்டு பக்கம் திரும்பினார்.

"பொன்னுச்சாமி, இந்தப் பூட்டு தானா விழாது. புதுசுல எத்தனை சாவி குடுப்பாங்க?"

"ரெண்டு சார்."

"ஒண்ணு இவரு இடுப்புல. நம்ம பக்கம் பொம்பளைங்க தாலியில ஊக்கு கோர்த்திருப்பாங்க. வெறும் ஊக்கை யாரும் ஒளிக்கமாட்டாங்க, தாயி. இன்னொரு சாவி அதுலதான் தொங்குது."

உமையாள் தலை குனிந்தாள்.

"அப்ப அம்மா களவாணிக்குக் கூட்டா?" பொன்னுச்சாமி திகைத்தார்.

"களவாணியே கிடையாதுய்யா. அவன் விடியிற நேரத்துலயா வருவான்? விடியக்காலம் தனியா இதை எடுக்கிறவரு யாருக்காக எடுக்கிறாரு? இப்பக் கெளம்பயில 'போறேன்'னாரு. கோவத்துலகூட நாம அப்படிச் சொல்லிட்டுக் கெளம்புறதில்ல."

"ஆடியில மகனைப் பாம்பன் கடல் கொண்டுபோயிருச்சு," என்றாள் உமையாள். "அப்பலேருந்து பூட்டுறேன்."

வீரபத்திரன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கம்மாயில நீச்சல் பழக்குனதே நாந்தான். அந்தத் தைரியத்துல கடல்ல எறங்கிட்டான்."



"பூட்டைக் கழட்ட வேணாம்," என்றார் சேதுராமன். "ரெண்டு சாவியும் தாயிகிட்ட இருக்கட்டும்."

"சாவியும் வேணாம், துப்பாக்கியும் வேணாம். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்கய்யா. எனக்கு இவரு இருந்தாப் போதும். முழிச்சு முழிச்சுக் கண்ணு எரியுது."

வீரபத்திரன் அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தார்.

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா பொய் சொல்லுவீக."

அவர் இடுப்புச் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னைக்கி நீ ஒறங்கு, உமையா," என்றார். "நான் இருக்கேன்."