மங்க மறுத்த இடம்

திரையில் ஷஹீன் பானுவின் முகத்துக்குப் பின்னாலிருந்த எல்லாமே பனி மூடியதுபோல் மங்கின. இடது தோளுக்கு மேலே, ஜன்னலுக்கு அப்பால், ஓரிடம் மட்டும் மங்க மறுத்தது.

ஒரு சாண் அகலம்தான். அதனூடே முற்றத்துக் கழிவுத் தொட்டியின் இரும்பு மூடி, துருவும் கீறலுமாகத் துல்லியமாகத் தெரிந்தது.

"பின்னாடி ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு சொன்னேன்ல?" வேலூரிலிருந்து கைபேசி வழியாக காணொலிச் சோதனைக் கூட்டத்தில் இணைந்திருந்த மேலாளர் பிரேம்நாத் சீறினார். "தொட்டி பளிச்சுன்னு தெரியுது பாரு. இது வேஸ்ட். அடுத்தத போடு."

"மூணு ஆப்தான் சார் இறக்கி வெச்சிருக்கேன்."

"மூணுல ஒண்ணாவது ஒழுங்கா மறைக்காதா? ஒன்றரைக்கு சென்னை மேடம் லைன்ல வந்துடுவாங்க."

கூட்டம் நடத்த எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்டால், ஒலி தெளிவானது எது, படம் தெளிவானது எது என்றுதான் உலகம் தேடும். ஆம்பூரின் அந்தத் தோல் தொழிற்சாலை தேடியது ஒன்றே ஒன்றைத்தான்: நன்றாக மறைப்பது எது?

மறைக்க வேண்டியது இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணிக்கு ஜும்மா தொழுகைக்காகத் தோல் ஊறும் மரப் பீப்பாய்களின் சுழற்சி நிற்கும். தொழுகிறவர்கள் பள்ளிவாசலுக்கும் மற்றவர்கள் டீக்கடைக்குமாக ஆலையே காலியாகும். அந்த நெரிசலில் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க நேரமேது? வருகை ஏட்டில் நாற்பது பெயர்களையும் ஒரே அடைப்புக்குறியில் வளைத்துப்போட்டு, பக்கத்தில் 'வெளியே' என்று எழுதிவிடுவது ஷஹீனின் வழக்கம். மூன்று வாரங்களுக்கு முன்பும் எழுதினாள். அந்த வளைவுக்குள் பார்த்திபன் என்ற பெயரும் இருந்தது. குடியாத்தத்துக்காரன், ஒப்பந்தக் கூலி, அந்த நேரத்தில் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளிக்கொண்டிருந்தவன். ஏட்டைப் பார்த்தார்கள். எல்லோரும் வெளியே. மூடியை இழுத்து மூடினார்கள். சனிக்கிழமை காலையில்தான் திறந்தார்கள்.

அவள் செய்தது பிழை. பிழையைப் பொய்யாக்கியவர் பிரேம்நாத். பார்த்திபன் வெளியே போனான், குடித்தான், இரவில் மதிலேறி வந்து, திறந்து கிடந்த தொட்டியில் தானே விழுந்தான் என்பது அவர் கட்டிய கதை. காலணி வாங்கும் நிறுவனத்தின் சென்னை அதிகாரி தேவிகா, ஏட்டை எழுதியவளிடமே நேரடியாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பீப்பாய்ச் சத்தம் இல்லாத வேளை என்பதால் ஜும்மா நேரத்தையே குறித்தார்கள்.

"உண்மைய ஒளறி வெச்சா ஆர்டர் போச்சு ஷஹீன்மா. டவுன்ல நம்ம தையல் யூனிட்ல நானூறு பொம்பளைங்க. உன் தங்கச்சி ஆஃப்ரீனும் அங்கதான இருக்கா? எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டு."

"அவரு... வெளிய போய்ட்டாரு."

"ஆங். அப்படியே மென்னு முழுங்காம சொல்லு."

அவள் இரண்டாவது மென்பொருளைத் திறந்தாள். ஓய்ந்துபோன ஆலையின் ஆழத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த பழகிய வாடைக்கு அடியிலிருந்து, கழிவுத் தொட்டிக்கே உரிய அழுகிய முட்டை நாற்றம் ஒன்று, மூடிய ஜன்னலையும் மதியாமல் மெல்ல மெல்ல அறைக்குள் ஊர்ந்து வந்தது. திரை மங்கியது. ஜன்னல் மங்கியது. தொட்டியும் மங்கியது.

அலமாரியின் பக்கத்தில் மங்காத இடம் ஒன்று நின்றது.

இப்போது அது சாண் அளவில் இல்லை. ஆளுயரம் இருந்தது. தலையின் வளைவு. தோள்களின் சரிவு. தொங்கும் இரண்டு கைகள். அந்த உருவின் எல்லைக்குள் மட்டும் சுவரின் காரைப் பெயர்ச்சி கூர்மையாகத் தெரிந்தது.

"யாரு அது, அலமாரிகிட்ட?" என்றார் பிரேம்நாத்.

திரும்பிப் பார்த்தாள். அலமாரி. சுவர். வேறொன்றுமில்லை. "யாருமில்ல சார்."

"அப்ப இதுவும் பேஜாரு. செவுத்த ஆளுன்னு நெனச்சுக்கிச்சு. மூணாவத போடு."

ஷஹீனின் விரல்கள் அசையவில்லை. காலையில்தான் அவள் படித்திருந்தாள்: இந்த மென்பொருள்கள் மனிதனைக் கண்டுகொள்ளும், அவனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மங்கச் செய்யும். எனில், அது அங்கே யாரைக் கண்டது? மூன்று வாரமாக இந்த ஆலை மனிதன் என்று எண்ண மறுத்த ஒருவனை, ஒரு மென்பொருள் எண்ணிவிட்டதா?

"சார், நான் உள்ளதயே சொல்லிடட்டுமா? எனக்கு பயமா கீது."

"இன்னா விளையாடறியா? நானூறு அடுப்ப அணைச்சுட்டு நீ நிம்மதியா தூங்குவியா? போடு!"

மூன்றாவதைத் திறந்தாள். எல்லாம் மங்கியது. ஜன்னல், அலமாரி, சுவர், மூலை முடுக்கெல்லாம் ஒரே வெண்பனி. ஒட்டு இல்லை, ஓட்டை இல்லை.

"சூப்பர்! இதான் வேணும். இதையே வெச்சுக்கலாம்."

அவளுக்கும் மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சு. அடுத்த மூச்சில் அழுகிய முட்டை நாற்றம் நாசியை அடைத்தது. பிடரியில் ஈரம். சில்லென்று. அப்போது விளங்கியது: அந்த உருவம் போய்விடவில்லை. அவளுக்கு நேர் பின்னால் நின்றது. அவள் உடம்புதான் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ஒன்றரை. திரையில் தேவிகா வந்தார்.

"வணக்கம்மா. பயப்படாதீங்க, நீங்க பார்த்தத மட்டும் சொல்லுங்க. அந்த ஒரு மணிக்கு பார்த்திபன் எங்க இருந்தார்?"

உள்ளே என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. ஆஃப்ரீனின் முகமும் வந்தது. நானூறு பேர். ஷஹீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெளிய போய்ட்டாரு மேடம்."

கண் திறந்தாள். திரையில் அவள் காது மங்கியது. கன்னம். நெற்றி. வாய். பனி அவளைத் தின்றது. கையை உயர்த்தினாள், கையும் பனியானது. அவள் இருந்த இடத்தில் தலையின் வளைவு. தோள்களின் சரிவு. அதனூடே ஜன்னல். அதற்கப்பால் தொட்டியின் மூடி.

"மேடம்!" என்றாள். ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையவில்லை. கத்தினாள். அசையவில்லை.

தோளில் எடை. சேற்றின் எடை. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அறையில் சத்தமில்லை. குழாயும் சொட்டவில்லை.

பச்சைக் கோடு எழுந்தது.

எழுந்தது, தாழ்ந்தது, எழுந்தது. யாரோ நிதானமாகப் பேசுவதுபோல. தேவிகாவின் முகம் வெளுத்தது. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"மேடம்? எத எழுதறீங்க மேடம்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே?" பிரேம்நாத்தின் குரல் உடைந்தது.

தேவிகா எழுதிக்கொண்டிருந்தார்.

"மெதுவா சொல்லுங்க," என்றார். "மூடினப்புறம்... எவ்வளவு நேரம் உயிரோட இருந்தீங்க?"

பச்சைக் கோடு எழுந்தது. நின்றது. தாழவில்லை, ஓயாத ஓர் அலறல்போல.